கைப்பக்குவமும் செய்முறையும்

கைப்பக்குவம் என்ற சொல்லை நாம் எப்போதும் பாராட்டாகவே பயன்படுத்தி வந்திருக்கிறோம். ஒரே புளி, ஒரே பருப்பு, ஒரே அடுப்பு. ஆயினும் ஒருவர் வைக்கும் குழம்பின் ருசி இன்னொருவருக்கு வாய்ப்பதில்லை. அளவு கேட்டால் 'எல்லாம் கண்ணளவுதான்' என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். சமையலுக்கு அது அழகு. அறிவியலுக்கு அழகாகுமா என்பதே இங்கே நாம் எழுப்ப விரும்பும் கேள்வி.

இயற்பியல் வேதியியல் என்னும் துறையை எடுத்துக்கொள்வோம். குடுவையில் பொன்னின் நுண்துகள்களை வடிப்பதும் அதன் பணி. கணிப்பொறிக்குள் நீர் மூலக்கூறுகளை ஓடவிட்டு அவை உறைவதைப் பார்ப்பதும் அதன் பணி. முன்னது கையின் வேலை, பின்னது கணக்கின் வேலை என்று நாம் பிரித்துப் பார்த்துப் பழகிவிட்டோம். ஆனால் அத்துறையின் வரலாற்றைச் சற்று ஊன்றிப் படித்தால், இரண்டுக்கும் பொதுவான ஒரு நீதி தென்படுகிறது. ஒருவரது கைப்பக்குவம் எவரும் பின்பற்றக்கூடிய செய்முறையாக மாறியபோதெல்லாம் துறை முன்னேறியிருக்கிறது. செய்முறையின் ஏதோ ஒரு வரி மறைந்துகிடந்தபோதெல்லாம் அது ஆண்டுக்கணக்கில் இடறி நின்றிருக்கிறது. கணிப்பொறிக்காரர்கள் இந்த நீதியைக் குடுவைக்காரர்களிடமிருந்து இன்னும் முழுமையாகக் கற்றுக்கொள்ளவில்லை என்பது நம் கருத்து. குடுவைக்காரர்களும் அதைச் சுலபமாகக் கற்றுவிடவில்லை.

1857ஆம் ஆண்டு பிப்ரவரியில், லண்டன் ராயல் சொசைட்டியின் பேக்கரியன் சொற்பொழிவில், மைக்கேல் ஃபாரடே பொன்னுக்கும் ஒளிக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேசினார். பொன் குளோரைடுக் கரைசலைப் பாஸ்பரசைக் கொண்டு வினைபுரியச் செய்தபோது மஞ்சள் நிறத் திரவம் மாணிக்கச் சிவப்பாக மாறியது. அந்தச் சிவப்பு ஏதோ புதிய சேர்மம் அல்ல, பொன்னேதான்; நுண்ணோக்கிக்கும் எட்டாத அளவுக்குப் பொடிந்து நீரில் மிதக்கும் பொன் என்று அவர் முடிவுசெய்தார். ஓர் ஒளிக்கற்றையை அதனூடே பாய்ச்சி, தெளிவாகத் தோன்றும் அத்திரவத்துக்குள் ஒளி சிதறுவதையும் காட்டினார். அவர் தயாரித்த குப்பிகளில் சில லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் அவற்றின் செம்மை அகலவில்லை.

ஆனால் பொன் ஏன் சிவக்கிறது என்பதற்கு ஃபாரடேயிடம் கணக்கு இல்லை. அந்தக் கணக்கை குஸ்டாவ் மீ என்ற ஜெர்மானியர் 1908ல் போட்டார். நுண்ணிய உலோகக் கோளங்களின்மீது ஒளி விழுந்தால் எந்த நிறம் உறிஞ்சப்படும், எது சிதறும் என்பதை மின்காந்தவியலின் சமன்பாடுகளிலிருந்து அவர் வருவித்தார். இடையில் கழிந்தது ஐம்பத்தொரு ஆண்டு. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கணக்குப் போட வந்தவர் லண்டனுக்குச் சென்று ஃபாரடேயின் குப்பியைக் கெஞ்சிக் கேட்க வேண்டியிருக்கவில்லை. சிவந்த பொன்நீரைத் தயாரிக்கும் வழி ஏட்டில் இருந்தது. வேறு பலர் அதைச் செம்மைப்படுத்தியும் இருந்தார்கள். கண்டவர் மறைந்த பின்னும் கண்டது வாழ்ந்தது.

1951ல் பிரின்ஸ்டனைச் சேர்ந்த ஜான் டர்கெவிச்சும் அவரது சகாக்களும் இதே பொன்நீருக்கு வெளியிட்ட செய்முறை இன்னும் எளியது. பொன் உப்பின் நீர்த்த கரைசலைக் கொதிக்கவிட்டு, அதில் சோடியம் சிட்ரேட்டைச் சேர்க்க வேண்டும். வெளிர்மஞ்சள் மறைந்து, திரவம் கருநீலமாகி, சில நிமிடங்களில் சிவக்கும். துகள்கள் ஏறத்தாழ 20 நானோமீட்டர் அளவில் அமையும். இதைவிட முக்கியமானது, அவர்கள் வெறுமனே நிறத்தைப் பார்த்துத் திருப்தியடையவில்லை என்பது. வெப்பநிலை, செறிவு, சேர்க்கும் விகிதம் ஆகியவற்றை மாற்றிமாற்றிச் செய்து, ஒவ்வொன்றிலும் விளைந்த துகள்களை மின்னணு நுண்ணோக்கியின்கீழ் அளந்து எழுதிவைத்தார்கள். 'கண்ணளவு' என்பது அங்கே எண்ணளவு ஆயிற்று. இன்றும் உலகெங்கும் கல்லூரி ஆய்வகங்களில் இளம் மாணவர்கள் முதன்முதலாகச் செய்யும் நானோ துகள் இதுவே. வீட்டில் கர்ப்பப் பரிசோதனை செய்துகொள்ளும் பட்டைகள் பலவற்றில் தோன்றும் சிவப்புக் கோடும் இத்தகைய பொன் துகள்களால் ஆனதுதான். ஒரு பெண் தன் வாழ்வின் பெருஞ்செய்தியை அந்தக் கோட்டில் வாசிக்கிறாள். ஒவ்வொரு முறையும் துகள் ஒரே மாதிரி அமைய வேண்டும் என்பது அவளுக்கு வெறும் ஆய்வகக் கவலை அல்ல.

இத்தனை ஒழுங்கு இருந்தும் குடுவை ஏமாற்றியது உண்டு. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பொன்னைக் கோளமாக அல்லாமல் நுண்ணிய கோல்களாக வளர்க்கும் முறைகள் புகழ்பெற்றன. கோலின் நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதத்தை மாற்றினால், அது உறிஞ்சும் ஒளியைச் சிவப்புக்கும் அப்பால் நகர்த்தலாம். உடலின் திசுக்கள் அந்த ஒளியை ஓரளவு ஊடுருவவிடும் என்பதால் மருத்துவர்களுக்கும் இதில் ஆர்வம் பிறந்தது. கோலாக வளரவைக்க சி.டி.ஏ.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு சோப்பு போன்ற பொருளைச் சேர்க்க வேண்டும். செய்முறை அச்சில் இருந்தது, அளவுகள் இருந்தன, வெப்பநிலை இருந்தது. அப்படியே செய்தும் சிலருக்குக் கோல் கிடைத்தது, சிலருக்கு வெறும் கோளமே கிடைத்தது.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பிரையன் கோர்கெலின் குழு 2008ல் செய்த காரியம் நம்மை மிகவும் கவர்ந்தது. வெவ்வேறு நிறுவனங்கள் விற்ற பத்துச் சி.டி.ஏ.பி.களை வாங்கி, மற்ற அனைத்தையும் மாற்றாமல், பத்திலும் ஒரே செய்முறையைச் செய்து பார்த்தார்கள். மூன்றில் கோல் வரவே இல்லை. புட்டியின்மீது ஒட்டியிருந்த பெயர் ஒன்றே. உள்ளே இருந்தது ஒன்றல்ல. 2009ல் காரணத்தையும் கண்டுபிடித்தார்கள்: அயோடைடு. பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்று எண்ண வேண்டிய அளவில் கலந்திருந்த அந்த மாசு, பொன்னின் பரப்பில் ஒட்டிக்கொண்டு அது கோலாக நீள்வதைத் தடுத்துவிடுகிறது. சுவையான முரண் என்னவென்றால், பொன்னை முக்கோணத் தகடுகளாக வளர்க்க விரும்புவோருக்கு அதே அயோடைடு தேவைப்படுகிறது என்பதைச் சாட் மிர்கினின் குழு 2008ல் காட்டியது. ஒருவருக்கு விஷம், மற்றவருக்கு மருந்து. அதுவரை இருவருமே தத்தம் வெற்றியையும் தோல்வியையும் கைப்பக்குவத்தின் கணக்கில் எழுதிவைத்திருப்பார்கள் என்றுதான் தோன்றுகிறது.

இனிக் கணிப்பொறிக்கு வருவோம். மூலக்கூறு இயங்கியல் என்று அழைக்கப்படும் முறையின் அடிப்படை எளியது. சில நூறு அல்லது சில ஆயிரம் அணுக்களை ஒரு கற்பனைப் பெட்டிக்குள் வையுங்கள். ஒவ்வொன்றின்மீதும் மற்றவை செலுத்தும் விசையைக் கணக்கிடுங்கள். நியூட்டனின் விதிப்படி ஒவ்வொன்றையும் மிக மிகச் சிறிய நேரத்துக்கு நகர்த்துங்கள். மீண்டும் விசை, மீண்டும் நகர்வு. இதை லட்சக்கணக்கான முறை செய்தால் பெட்டிக்குள் ஒரு திரவம் ஓடத் தொடங்கும். குளிர்வித்தால் உறையவும் கூடும். குடுவையில் நாம் காண இயலாத ஒவ்வோர் அணுவின் பாதையும் இங்கே நம் கண்முன் இருக்கும்.

இம்முறையின் முதல் பெரிய முடிவே ஒரு சர்ச்சையில்தான் பிறந்தது. ஒன்றையொன்று சற்றும் ஈர்க்காத, மோதினால் விலகும் கடினமான கோளங்கள் மட்டும் கொண்ட ஒரு கூட்டம், நெருக்கம் மிகுந்தால் தானாகவே படிகமாக ஒழுங்குபடுமா? ஈர்ப்பு இல்லாமல் ஒழுங்கு எங்கிருந்து வரும் என்று பலர் ஐயுற்றனர். 1957ல் நடந்த ஓர் அறிஞர் கூட்டத்தில் இதற்கு வாக்கெடுப்பே நடந்தது. அவை ஏறக்குறையச் சரிபாதியாகப் பிரிந்தது. அதே ஆண்டில் லிவர்மோர் ஆய்வகத்தின் பெர்னி ஆல்டரும் தாமஸ் வெயின்ரைட்டும் மூலக்கூறு இயங்கியலைக் கொண்டு, கோளங்கள் ஒழுங்குபடும் என்றனர். அவர்களோடு ஒரே இதழில், லாஸ் அலமோசைச் சேர்ந்த வுட், ஜேக்கப்சன் ஆகிய இருவர், முற்றிலும் வேறான மாண்டி கார்லோ முறையைக் கொண்டு அதே முடிவை வெளியிட்டனர். இரண்டு ஆய்வகங்கள், இரண்டு முறைகள், ஒரே விடை. வாக்கெடுப்பால் முடியாததை இந்த ஒப்பீடு முடித்துவைத்தது.

குடுவையின் சாட்சியம் 1986ல் வந்தது. பீட்டர் பூசியும் வில்லியம் வான் மேகனும், பெர்ஸ்பெக்ஸ் கண்ணாடி செய்யப் பயன்படும் அதே பலபடியால், ஒரு மைக்ரோமீட்டருக்கும் சிறிய, ஏறத்தாழ ஒரே அளவுள்ள கோளங்களைத் திரவத்தில் மிதக்கவிட்டார்கள். கொள்ளளவில் ஏறக்குறையப் பாதியைக் கோளங்கள் நிரப்பியபோது, குப்பிக்குள் ஓபல் கல்போல் வண்ணம் சிதறும் படிகங்கள் தோன்றின. கணிப்பொறி சொன்ன இடத்திலேயே அவை தோன்றின. காரணமும் அழகியது. நெருக்கடியில் தாறுமாறாக நிற்பதைவிட வரிசையாக நின்றால், ஒவ்வொரு கோளத்துக்கும் அசைய இடம் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கிறது. ஒழுங்கு இங்கே சுதந்திரத்தின் விளைவு.

இடையில் 1964ல், ஹைதராபாத்தில் பிறந்து அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் பணியாற்றிய அனீசுர் ரஹ்மான், 864 ஆர்கான் அணுக்களைக் கொண்டு ஒரு மெய்யான திரவத்தை முதன்முதலாகக் கணிப்பொறிக்குள் ஓடவிட்டார். அவர் எடுத்துக்கொண்ட ஒவ்வொரு நகர்வும், ஒரு நொடியை நூறு லட்சம் கோடி கூறாக்கினால் அதில் ஒரு கூறு. அவர் தம் கணக்கை ஆய்வகத்தில் அளந்த எண்களோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பின்னர் ஃபிராங்க் ஸ்டில்லிங்கரோடு சேர்ந்து நீருக்கு ஒரு மாதிரியையும் அமைத்தார். 1974ல் வெளிவந்த அதன் பெயர் எஸ்.டி.2. இன்று கணினி இயற்பியலுக்காக அமெரிக்க இயற்பியல் கழகம் வழங்கும் பரிசு ரஹ்மானின் பெயரைத் தாங்கியிருக்கிறது.

அந்த எஸ்.டி.2 நீரே பின்னாளில் ஒரு நெடும்போரின் களமாயிற்று. பனிக்கட்டியாகாமல் மிகவும் குளிர்ந்த நிலைக்கு நீரைக் கொண்டுசெல்லலாம் என்பது பழைய செய்தி. 1992ல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒரு குழு, அந்த ஆழ்ந்த குளிரில் நீர் அடர்த்தி மிகுந்த ஒன்று, குறைந்த ஒன்று என இரண்டு வெவ்வேறு திரவங்களாகப் பிரியக்கூடும் என்று எஸ்.டி.2 கணக்கின் அடிப்படையில் கூறியது. ஒரே பொருள், இரண்டு திரவங்கள். குடுவையில் இதைச் சோதிப்பது மிகக் கடினம்; அந்த வெப்பநிலைகளில் நீர் கண்ணிமைப்பதற்குள் உறைந்துவிடும். ஆகவே வாதம் பெரும்பாலும் கணிப்பொறிக்குள்ளேயே நடந்தது.

2011ல் பெர்க்லியின் டேவிட் சாண்ட்லரும் டேவிட் லிம்மரும் அந்த இரண்டாம் திரவம் ஒரு மாயை என்றனர். நீர் பனிக்கட்டியாக மாறத் தொடங்குவதன் தொடக்கநிலையைத்தான் மற்றவர்கள் திரவம் என்று பிழையாகக் கொள்கிறார்கள் என்பது அவர்களது வாதம். சாண்ட்லர் திரவங்களின் கோட்பாட்டில் தலைமுறையின் மிகப் பெரிய ஆசான்களில் ஒருவர். அவர் சொல்லை எவரும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பிரின்ஸ்டனில் பாப்லோ டெபெனடெட்டியின் குழு வெவ்வேறு முறைகளில் மீண்டும் மீண்டும் கணக்கிட்டு, இரண்டு திரவங்கள் உள்ளன என்றே 2014ல் எழுதியது. ஒரே மாதிரி, ஒரே வெப்பநிலை, ஒரே அழுத்தம்; விடை மட்டும் இரண்டு. மேடைகளிலும் இதழ்களிலும் வாதம் சூடேறியது. விவாதித்தவர்கள் நீரின் இயல்பையும் கோட்பாட்டின் நுட்பத்தையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள்.

முடிச்சு அங்கே இல்லை. பெர்க்லியில் பயன்படுத்திய நிரலே பிரின்ஸ்டன் குழுவின் கைக்குக் கிடைத்து, அதை வரி வரியாகப் படித்த பிறகு, 2018ல் அவர்கள் தந்த விளக்கம் இது: ஒவ்வொரு சிறு ஓட்டத்தின் தொடக்கத்திலும் மூலக்கூறுகளுக்கு வேகம் வழங்கும் இடத்தில், வளையாத மூலக்கூறுகளுக்கு இயற்கை விதிக்கும் பங்கீடு பின்பற்றப்படவில்லை. அந்த ஓரிடத்தைத் திருத்தி ஓடவிட்டபோது, அந்த நிரலும் இரண்டு திரவங்களையே காட்டியது. சாண்ட்லர் அதற்கு முந்தைய ஆண்டே, 2017ல் காலமாகிவிட்டார். அந்த நிரல் 2011லேயே கட்டுரையோடு சேர்ந்து வெளிவந்திருந்தால், ஏழு ஆண்டு நீண்ட வாதம் சில மாதங்களில் முடிந்திருக்கக்கூடும். ஒரு பேராசான் தம் வாழ்நாளிலேயே அதைத் தாமே திருத்தி மேலே சென்றிருக்கவும் கூடும்.

குடுவை இங்கும் பின்னாலேயே வந்தது. 2020ல் ஒரு பன்னாட்டுக் குழு, தென்கொரியாவின் போஹாங் நகரிலுள்ள எக்ஸ்-கதிர் லேசரைக் கொண்டு ஒரு சோதனையை வெளியிட்டது. அடர்த்தி மிகுந்த ஒருவகைப் படிகமற்ற பனியை லேசரால் திடீரென்று சூடாக்கி, அது உறைவதற்கு முன் கிடைக்கும் நுண்ணொடிகளில் எக்ஸ்-கதிரால் படம்பிடித்தார்கள். ஏறத்தாழ 205 கெல்வினில் அடர்ந்த திரவம் அடர்த்தி குறைந்த திரவமாக மாறுவதற்கான சான்று கிடைத்தது. மாதிரி நீர் வேறு, மெய்யான நீர் வேறு. ஆயினும் 28 ஆண்டுகளுக்குமுன் கணக்கு காட்டிய திசை பொய்யல்ல என்பதை இது உணர்த்துகிறது.

இப்போது இரண்டு கதைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். சி.டி.ஏ.பி. புட்டிக்குள் ஒளிந்திருந்த அயோடைடும் நிரலுக்குள் ஒளிந்திருந்த வேகப் பிழையும் உறவினர்கள். இரண்டிலும் எவரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. இரண்டிலும் செய்முறை முழுமையாக எழுதப்பட்டுவிட்டதாகவே அனைவரும் நம்பினார்கள். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. புட்டியைக் காசு கொடுத்து எவரும் வாங்கலாம். ஆகவே ஐயம் எழுந்ததும் பத்துப் புட்டிகளை வாங்கிச் சோதிக்க முடிந்தது. நிரலை அப்படி வாங்க முடியாது. எழுதியவர் கொடுத்தால்தான் உண்டு.

இலக்கிய வாசகர்களாகிய நமக்கு இது புதிய நீதி அல்ல. பழைய நூலொன்றைப் பதிப்பிப்பவர் எந்தெந்தச் சுவடிகளைப் பார்த்தார், எங்கே பாடபேதம் கண்டார், எதைக் கொண்டார், எதைத் தள்ளினார் என்று அடிக்குறிப்பில் காட்ட வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். காட்டாத பதிப்பாசிரியர் எவ்வளவு பெரிய புலவரானாலும் அவரது பாடத்தை நாம் ஐயத்தோடேயே அணுகுகிறோம். நூலாசிரியரின் வாக்கு எது, பதிப்பாசிரியரின் ஊகம் எது என்று பிரித்தறிய வேறு வழி இல்லை. கணிப்பொறிக் கணக்கிலும் இயற்கையின் வாக்கு எது, நிரலாளரின் கைவண்ணம் எது என்று பிரித்தறிய நிரலைக் காண்பது ஒன்றே வழி.

இதற்கு மறுப்புகள் உண்டு. ஆண்டுக்கணக்கில் உழைத்து எழுதிய நிரலை அப்படியே போட்டியாளரின் கையில் கொடுப்பது எங்ஙனம் என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. இளம் ஆய்வாளர் ஒருவரின் பிழைப்பே அந்த நிரலில் அடங்கியிருக்கலாம். ஆனால் டர்கெவிச்சின் செய்முறையை உலகமே எடுத்துக்கொண்டது. அதனால் அவர் பெயர் அழியவில்லை, அந்த முறைக்கே அவர் பெயர் நிலைத்தது. நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் தோன்றிய குரோமாக்ஸ் என்னும் மூலக்கூறு இயங்கியல் நிரல் எவரும் படிக்கவும் திருத்தவும் திறந்து கிடக்கிறது. அதை எழுதியவர்களின் மதிப்பு அதனால் உயர்ந்ததே தவிரத் தாழவில்லை.

இன்னொரு மறுப்பு: செய்முறையில் சொல்லில் அடங்காத பகுதி எப்போதும் எஞ்சும், பிறகு திறந்து என்ன பயன்? எஞ்சும் என்பது மெய்யே. குடுவையை இராஜதிராவகத்தால் எவ்வளவு நேரம் கழுவுவது, எந்த வேகத்தில் கலக்குவது என்பதையெல்லாம் கையே கற்க வேண்டும். ஆனால் சொல்ல முடியாதது வேறு, சொல்லாமல் விட்டது வேறு. முன்னதை மன்னிக்கலாம். பின்னதைக் கைப்பக்குவம் என்று கொண்டாடலாகாது. கணிப்பொறியைப் பொறுத்தவரை இந்த மறுப்புக்கு இடமே இல்லை. நிரல் என்பதே முழுக்க முழுக்கச் சொல்லால் ஆனது. அதைவிட முழுமையாக எழுதப்பட்ட செய்முறை மனித வரலாற்றில் இருந்ததில்லை. அப்படியிருக்க அதை மறைப்பதற்கு என்ன சமாதானம் சொல்ல முடியும்?

இந்தக் கேள்வி நாளுக்கு நாள் கூர்மையாகிக்கொண்டிருக்கிறது. அணுக்களுக்கிடையேயான விசைகளைக் கணக்கிடும் பொறுப்பையே இப்போது கற்கும் எந்திரங்களிடம் ஒப்படைத்து வருகிறார்கள். 2024 மே மாதம், புரதங்களும் பிற மூலக்கூறுகளும் இணையும் வடிவைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு 3 நேச்சர் இதழில் வெளிவந்தபோது அதன் நிரல் உடன் வரவில்லை. ஆய்வாளர்கள் பலர் வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார்கள். அந்த ஆண்டு நவம்பரில், கல்வித்துறைப் பயன்பாட்டுக்காக நிரல் வெளியிடப்பட்டது. கண்டனம் எழாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். இலட்சக்கணக்கான எண்களில் பொதிந்துள்ள எந்திரத்தின் கற்றலுக்குள் ஓர் அயோடைடு ஒளிந்திருந்தால், அதைக் கண்டுபிடிக்கப் பத்துப் புட்டிகள் போதா.

இதில் மிகுதியாக நட்டப்படுவது யார்? பணக்கார ஆய்வகங்கள் அல்ல. அவை புதிய பொருளை வாங்கும், புதிய நிரலை எழுதும், ஏழு ஆண்டு வாதத்தையும் தாங்கும். சிறிய ஊர்க் கல்லூரியில் ஒரே ஒரு புட்டியையும் மூன்றாண்டு உதவித்தொகையையும் வைத்துக்கொண்டு முனைவர் பட்டத்துக்கு உழைக்கும் மாணவிதான் நட்டப்படுகிறாள். அச்சிட்ட செய்முறையை வரி பிசகாமல் செய்தும் கோல் வராதபோது, பிழை தன் கையில்தான் என்று அவள் நம்பிவிடுகிறாள். மறைந்த வரியின் விலையை, அதை மறைத்தவர் கொடுப்பதில்லை.

ஆகவே நாம் வேண்டுவது சிறிய ஒன்றே. கணிப்பொறியில் கண்ட முடிவை வெளியிடும் எந்த இதழும், நிரலையும் தொடக்க எண்களையும் கட்டுரையின் உறுப்பாகவே கொள்ள வேண்டும். கேட்டால் தருவோம் என்ற வாக்குறுதி போதாது. துகள் செய்பவர்கள் தாம் வாங்கிய புட்டியின் நிறுவனத்தையும் தொகுதி எண்ணையும் எழுத வேண்டும். தோற்ற முயற்சிகளையும் எழுத வேண்டும். இவற்றைச் செய்ய மேதைமை தேவையில்லை, கூச்சமின்மை போதும். சமையலறையில் கைப்பக்குவம் வாழட்டும். ஆய்வகத்தில் வாழ வேண்டியது, அடுத்தவர் கையிலும் அதே சிவப்பைத் தரும் செய்முறை.